"போ" என்றால் "ஆமாம்"! அல்பேனியாவுக்கு முதல் டூர்... ஏமாறாமல் போய்வருவது எப்படி?

"ஆமாம்" என்பதற்கு அங்கே "போ" என்கிறார்கள். "இல்லை" என்பதற்கு "யோ" என்கிறார்கள். நூறு ரூபாய் சாமானுக்கு "ஆயிரம்" என்று விலை சொல்கிறார்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளாமல், "ஐயோ, இவ்வளவு எதுக்கு?" என்கிற மாதிரி மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்களும் உண்டு!

என்ன நாடு இது என்கிறீர்களா?

அல்பேனியா!

ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையில், கிரீஸ் நாட்டுக்கு மேலே, இத்தாலிக்கு எதிர்க்கரையில் உள்ள சின்னஞ்சிறு பால்கன் நாடு. பரப்பளவு 28,748 சதுர கிலோ மீட்டர்தான். தமிழ்நாட்டில் கால் பங்குகூட இல்லை. 2023-ல் எடுத்த கணக்கின்படி ஜனத்தொகை ஏறக்குறைய 24 லட்சம்.

"ஐரோப்பா டூரா? அதெல்லாம் பணக்காரங்க சமாசாரம் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட இப்போது இந்த ஊர்ப் பெயரை விசாரிக்கிறார்கள். பாரிசையும் சுவிட்சர்லாந்தையும் விட இங்கே செலவு குறைவு. கடல் இருக்கிறது. மலை இருக்கிறது. கோட்டை இருக்கிறது. 2023-ம் ஆண்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் வெளிநாட்டவர் வந்து குவிந்தார்கள்!

ஆனால் ஒன்று. சீட்டுப் பணத்தை எடுத்து, போனஸ் பணத்தைச் சேர்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வெளிநாட்டு டூர் போகிறவர், ஒரே ஒரு காகிதத்தைச் சரியாகப் பார்க்காவிட்டால் போதும். அத்தனை பணமும் விமான நிலையத்து வாசலிலேயே காலி! அதனால்தான் இந்த விவரமெல்லாம். பொறுமையாகப் படியுங்கள்.

பூட்டிக் கிடந்த நாடு!

முதலில் ஒரு சின்னக் கதை. கதை இல்லை, நடந்ததுதான்.

1944 முதல் 1985-ல் சாகும்வரை அல்பேனியாவை ஆண்டவர் என்வர் ஹோஜா. இரும்புப் பிடி என்றால் அப்படி ஒரு பிடி! முதலில் யுகோஸ்லாவியாவுடன் சண்டை. பிறகு ரஷ்யாவுடன் சண்டை. கடைசியில் சீனாவுடனும் சண்டை. உலகத்தில் கூட்டாளியே இல்லாமல் நாட்டை இழுத்துப் பூட்டிவிட்டார்.

1967-ல் கோவில், மசூதி, மாதா கோவில் எல்லாவற்றுக்கும் தடை! சொந்தக் கார் வைத்துக்கொள்ளத் தடை! அத்திபூத்தாற்போல வந்த வெளிநாட்டவருக்கு நீள முடியும் தாடியும் இருந்தால், எல்லையிலேயே நாவிதரிடம் உட்காரவைத்துவிடுவார்கள்.

"எதிரி வருவான், வருவான்" என்று சொல்லி, நாடு முழுக்கக் கான்கிரீட்டில் பதுங்கு குழிகள் கட்டினார். ஒன்றா, இரண்டா? லட்சத்துக்கும் மேல்! வயலில், கடற்கரையில், மலைச் சரிவில், காளான் முளைத்தது மாதிரி இன்றும் நிற்கின்றன. எதிரி மட்டும் வரவே இல்லை.

கம்யூனிஸ்டு ஆட்சி ஆட்டம் கண்டதும், 1991 ஆகஸ்டு மாதம் துரெஸ் துறைமுகத்தில் நின்ற "விலோரா" என்ற கப்பலில் ஏறக்குறைய 20 ஆயிரம் பேர் தொற்றிக்கொண்டு இத்தாலிக்குத் தப்பி ஓடினார்கள். கயிற்றில் தொங்கியபடி போனவர்களும் உண்டு.

ஜனங்கள் தப்பி ஓடிய அதே கடற்கரைக்குத்தான் இன்று உலகம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறது!

அன்னை தெரசாவின் கண்ணீர்

அல்பேனியாவில் இறங்கியதும் நமக்கு ஒரு தெரிந்த பெயர் வரவேற்கும். தலைநகர் திரானாவின் விமான நிலையத்துக்குப் பெயரே அன்னை தெரசா விமான நிலையம்!

கல்கத்தாவில் வாழ்ந்த அன்னை, பிறப்பால் அல்பேனிய இனத்தவர். 1910-ல் அவர் பிறந்த ஸ்கோப்யே நகரம் இன்று பக்கத்து நாடான வடக்கு மாசிடோனியாவில் இருக்கிறது. 18 வயதில், 1928-ல், துறவியாகப் போக வீட்டை விட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு பெற்ற தாயை அவர் பார்க்கவே இல்லை.

தாயாரும் அக்காவும் திரானாவில் குடியிருந்தார்கள். நாடு பூட்டிக்கொண்டது. உள்ளே வர மகளுக்கு வழி இல்லை. வெளியே போகத் தாய்க்கு வழி இல்லை. தாயார் 1972-ல் கண்ணை மூடினார். அடுத்த வருடம் அக்காவும் போய்விட்டார். ஹோஜா இறந்து நான்கு வருடம் கழித்து, 1989-ல்தான் அன்னை தெரசாவால் திரானாவுக்குள் கால் வைக்க முடிந்தது. அம்மாவைப் பார்க்க முடியவில்லை. கல்லறையைத்தான் பார்த்தார்!

உலகமே கொண்டாடிய ஒருவருக்குக் கிடைக்காத அனுமதி, இன்று சாதாரண டூரிஸ்டுக்குக் கிடைக்கிறது. அந்த அனுமதியைப் பற்றித்தான் அடுத்தது.

விசா... உஷார்!

டிக்கெட் வாங்கிவிட்டு விசாவைப் பார்ப்பவர் உண்டு. அது தலைகீழ் வேலை. முதலில் விசா. பிறகுதான் டிக்கெட்!

"பால்கன்" என்று ஒரே பெயராகச் சொன்னாலும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு வாசல். கிரீஸ், சுலோவேனியா, குரோஷியா, பல்கேரியா, ருமேனியா ஆகிய நாடுகளுக்கு "ஷெங்கன்" விசா வேண்டும். குரோஷியா 2023-லும், பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகவும் இந்தக் கூட்டில் சேர்ந்தன.

அல்பேனியா, செர்பியா, மாண்டினீக்ரோ, போஸ்னியா, வடக்கு மாசிடோனியா ஆகியவை அந்தக் கூட்டில் இல்லை. தனித்தனிக் கதவு, தனித்தனிப் பூட்டு!

அல்பேனியாவுக்கு இந்திய பாஸ்போர்ட்டுக்காரர்கள் விசா வாங்க வேண்டும். கம்ப்யூட்டர் மூலமே விண்ணப்பிக்கலாம். பலமுறை போய்வரும் வகை ஷெங்கன் விசா, அமெரிக்க விசா, பிரிட்டிஷ் விசா ஆகியவற்றில் ஒன்று கையில் இருந்து, காலாவதி ஆகாமல், ஏற்கனவே ஒரு தடவை அதைப் பயன்படுத்தியும் இருந்தால், தனி விசா இல்லாமல் உள்ளே விடுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் பலர் குழியில் விழுகிறார்கள்!

கிரீஸ் நாட்டின் கோர்ஃபு தீவில் இருந்து அல்பேனியாவின் சாரந்தா ஊருக்குப் படகு ஓடுகிறது. வேகப் படகில் அரைமணி நேரம்தான். "காலையில போய்ட்டு சாயங்காலம் வந்துடலாம்ங்க" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் ஷெங்கன் விசா ஒரே ஒரு தடவை நுழையும் வகையாக இருந்தால், அதை வைத்து அல்பேனியாவுக்குள் போக முடியாது. அல்பேனிய விசா தனியாக வாங்கிப் போனாலும், கிரீசை விட்டுக் கிளம்பிய நிமிஷமே ஷெங்கன் விசா தீர்ந்தது. திரும்ப கிரீசுக்குள் விடமாட்டார்கள். வீடு திரும்பும் விமானம் ஏதென்சில் நிற்கும். நீங்கள் சாரந்தாவில் நிற்பீர்கள்!

விசாவில் "எத்தனை தடவை நுழையலாம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தச் சின்னக் கட்டத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. விசா விதி கல்வெட்டு இல்லை. இந்தியர்கள் விசா இல்லாமலே செர்பியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2023 ஜனவரி 1-ந் தேதி முதல் அந்தச் சலுகை ரத்து! "போன வருஷம் என் மச்சான் போனார்" என்ற பேச்சை நம்பி யாரும் கிளம்பக் கூடாது. அல்பேனிய வெளிநாட்டு அமைச்சகம் என்ன சொல்கிறது என்பதைக் கிளம்பும் சமயத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இருந்து போகிறவர்கள் பெரும்பாலும் இஸ்தான்புல் வழியாக விமானம் மாறிப் போகிறார்கள். வேறு ஐரோப்பிய ஊர் வழியாக மாறுவதென்றால், வெறும் விமானம் மாறுவதற்கே அங்கே காகிதம் கேட்பார்களா என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்கட்டும்.

ஒரு சைபர் கூட... ஒரு சைபர் குறைய!

அந்த ஊர்ப் பணத்துக்கு "லெக்" என்று பெயர். ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 100 லெக். நமக்கு ஒரு லெக் என்பது சுமாராக ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கு சுலபம். சரியான மதிப்பு அன்றன்றைக்கு மாறும்.

ஆனால் கடையில் நுழைந்தால் தலை சுற்றும். நூறு லெக் பழத்துக்குக் கிழவி "ஆயிரம்" என்பாள்!

காரணம் இருக்கிறது. 1965-ல் அரசாங்கம் பழைய லெக்கில் ஒரு சைபரை வெட்டி, புதிய லெக் கொண்டுவந்தது. பத்து பழைய லெக்குக்கு ஒரு புதிய லெக். அறுபது வருடம் ஆகிவிட்டது. ஜனங்களின் வாய் மட்டும் மாறவில்லை. இன்னமும் பழைய கணக்கில்தான் விலை பேசுகிறார்கள். நம் ஊரில் பெரியவர்கள் "நாலணா, எட்டணா" என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி!

எனவே விலை கேட்டால் நோட்டை நீட்டுவதற்கு முன் "புதுசா, பழசா?" என்று கேளுங்கள். அல்லது எழுதிக் காட்டச் சொல்லுங்கள். டாக்சிக்காரரிடம் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

சின்ன ஊர்களிலும் சின்னக் கடைகளிலும் ரொக்கம்தான் ராஜா. கார்டு எடுபடாது. பணம் எடுக்கும் மிஷின்களில் பெரும்பாலானவை தடவைக்கு ஒரு கட்டணம் பிடிக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து தடவை எடுக்காமல், மொத்தமாக இரண்டு தடவை எடுப்பது லாபம். கையில் யூரோ நோட்டு இருந்தால் மாற்றும் கடைகள் ஏராளம். இந்திய ரூபாயை அங்கே மாற்றலாம் என்று நம்பிப் போகாதீர்கள். மிச்சமான லெக்கைக் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். வெளியே அதை யாரும் சீண்டமாட்டார்கள்!

எப்போது போகலாம்?

ஜூலையும் ஆகஸ்டும் வேண்டாம். வெயில் கொளுத்தும். கடற்கரை ஊர்களில் கூட்டம் நெரியும். ஓட்டல் வாடகை எகிறும்.

மே, ஜூன், செப்டம்பர் ஜோரான மாதங்கள். குளிர்காலத்தில் கடற்கரை ஊர்களில் பல ஓட்டல்கள் பூட்டிக் கிடக்கும். வடக்கே மலை ஊர்களில் பனி மூடிவிடும்.

ஏழு நாள்... நாலு ஊர்!

முதல் தடவை போகிறவர் நாடு முழுவதையும் ஒரே மூச்சில் பார்க்க ஆசைப்பட்டால் பஸ்சிலேயே பொழுது போய்விடும். ஒரு வாரத்துக்கு இந்தக் கணக்கு போதும்.

முதல் இரண்டு நாள் திரானா. ஊர் நடுவே ஸ்கந்தர்பே சதுக்கம். துருக்கியரை எதிர்த்து நின்ற 15-ம் நூற்றாண்டு வீரனின் குதிரைச் சிலை அங்கே நிற்கிறது. பக்கத்திலேயே ஹோஜா காலத்துப் பாதாள அறைகள், "பங்க் ஆர்ட்" என்ற பெயரில் கண்காட்சியாகத் திறந்திருக்கின்றன. ரகசியப் போலீசார் ஜனங்களின் பேச்சை ஒட்டுக் கேட்ட கட்டிடம் "இலைகளின் வீடு" என்ற அருங்காட்சியகம் ஆகிவிட்டது. 1988-ல் ஹோஜாவின் புகழ் பாடக் கட்டிய பிரமிடு, இன்று பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கும் இடம். அதன் மேல் ஜனங்கள் படியேறி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்! காலம் செய்த வேலை!

மூன்றாம் நாள் பெராத். திரானாவில் இருந்து பஸ்சில் இரண்டு, இரண்டரை மணி நேரம். மலைச்சரிவில் வீட்டுக்கு மேல் வீடு. எல்லா ஜன்னல்களும் ஆற்றைப் பார்த்தபடி இருப்பதால் "ஆயிரம் ஜன்னல் ஊர்" என்று பெயர். மேலே உள்ள கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் குடியிருக்கின்றன. கொடியில் துணி காய்கிறது. பாட்டிமார் கையால் பின்னிய லேஸ் துணி விற்கிறார்கள்.

நாலாம், ஐந்தாம் நாள் ஜீரோகாஸ்டர். வீட்டுக் கூரைகூடக் கல்லால் ஆன ஊர்! பெராத்தும் இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. சர்வாதிகாரி ஹோஜா பிறந்ததும் இங்கேதான். அவர் காலத்து இருட்டை உலகுக்கு எழுதிக் காட்டிய நாவலாசிரியர் இஸ்மாயில் கடாரே பிறந்ததும் இங்கேதான். ஒரே ஊர், இரண்டு பிள்ளைகள்! கோட்டைக்குள் 1957-ல் இறங்கிய ஓர் அமெரிக்க ராணுவ விமானம் துருப்பிடித்து நிற்கிறது. தெருக்கல் வழுக்கும். பளபளப்பான ஷூ வேண்டாம். பிடிப்பான செருப்பு போதும்.

ஆறாம் நாள் சாரந்தா. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் க்ஸாமில் கடற்கரை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் புத்ரிந்த். கிரேக்கர், ரோமர், வெனிஸ்காரர் எல்லோரும் வந்து வாழ்ந்துவிட்டுப் போன பழைய பட்டணத்தின் இடிபாடு. வழியில் "நீலக்கண்" என்ற ஊற்று. பாதாளத்தில் இருந்து பொங்கி வரும் ஐஸ் தண்ணீர்! பார்ப்பதற்குத்தான், குதிப்பதற்கு இல்லை.

ஏழாம் நாள் திரானாவுக்குத் திரும்ப வேண்டும். அரை நாள் பஸ்சிலேயே போய்விடும். வீடு திரும்பும் விமானத்தை அன்றைக்கே பதிவு செய்யாதீர்கள். ஓர் இரவு திரானாவில் தங்கி மறுநாள் ஏறுவதுதான் புத்திசாலித்தனம்.

ஷேர் ஆட்டோ மாதிரி பஸ்!

ரயிலை மறந்துவிடுங்கள். பஸ்சும் "ஃபுர்கோன்" என்ற வேனும்தான் கதி. ஃபுர்கோன் நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரிதான். ஆள் நிரம்பினால் கிளம்பும்! காலையில் நிறையக் கிடைக்கும். சாயங்காலம் ஆக ஆகக் குறைந்துவிடும். "மத்தியானம் சாப்பிட்டுட்டு நிதானமா கிளம்பலாம்" என்று நினைத்தால் அன்று அந்த ஊரிலேயே ராத்திரி!

கார் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் அங்கே வலதுபக்கம் ஓட்ட வேண்டும். மலைப்பாதை வளைவுகள் வேறு. 1991 வரை தனியார் கார் இல்லாத நாடு. அந்தக் குறையை இப்போது சேர்த்துவைத்துத் தீர்க்கிற மாதிரி ஓட்டுகிறார்கள். முதல் பயணத்துக்குப் பஸ்சே பத்திரம்.

சாப்பாடு எப்படி?

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். "பியூரெக்" என்று ஒரு பலகாரம். மெல்லிய மாவு அடுக்குக்குள் கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்துச் சுடச்சுடத் தருவார்கள். கறி வைத்ததும் உண்டு, கேட்டு வாங்குங்கள். வெள்ளை பீன்ஸ் குழம்பு கிடைக்கும். தயிர் தாராளம். "பா மிஷ்" என்றால் "கறி இல்லாமல்". இந்த இரண்டு வார்த்தையைச் சட்டைப் பையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்!

அசைவக்காரர்களுக்கு "தவ கோசி". ஆட்டுக்கறியைத் தயிரும் முட்டையும் ஊற்றி அடுப்பில் வேகவைப்பது. காபிக் கடை தெருவுக்குப் பத்து. ஒரு சின்னக் காபி வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள். குடிக்கப் பாட்டில் தண்ணீர் நல்லது.

"ஆபத்தில்லையா சார்?"

சினிமாவில் அல்பேனியக்காரன் என்றால் வில்லன். நேரில் அப்படி இல்லை. "பேசா" என்று அங்கே ஒரு வார்த்தை. கொடுத்த வாக்கு, அடைக்கலம் என்று பொருள். இரண்டாம் உலகப்போரில் ஹிட்லர் படை நாட்டுக்குள் இருந்தபோதும், தஞ்சம் வந்த யூதர்களை ஏழைக் குடியானவர்கள் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். போர் தொடங்கும்போது இருந்ததைவிட, முடிந்தபோது அங்கே யூதர்கள் அதிகம்! விருந்தாளியைக் கைவிடாத ஜனங்கள்.

அதற்காகப் பர்சைத் திறந்துவைத்துக்கொண்டு நடக்கச் சொல்லவில்லை. கூட்டத்தில் கவனம் எங்கும் வேண்டும். பயண இன்சூரன்ஸ் கட்டாயம் எடுங்கள். நாலு காசு மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

தலையாட்டலிலும் ஒரு விஷயம். வயதானவர்கள் சிலர் "இல்லை" என்பதற்கு மேலும் கீழும், "ஆமாம்" என்பதற்குப் பக்கவாட்டிலும் ஆட்டுவார்கள். நம் தலையாட்டலே உலகத்துக்குப் புரியாத புதிர். இரண்டும் சந்தித்தால் கேட்கவே வேண்டாம்! வாயால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாயங்காலம் ஆனால் ஊரே நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு கடைத்தெருவில் நடக்கும். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை, காதலர், எல்லோரும். "ஜீரோ" என்று அதற்குப் பெயர். டிக்கெட் கிடையாது, கட்டணம் கிடையாது. அந்த நடையில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். டூரிலேயே செலவில்லாத சுகம் அதுதான்.

கிளம்பும் முன் மறுபடி ஒரு தடவை: விசா முதலில், டிக்கெட் அடுத்து, பெட்டி கடைசியில். பஸ்சுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். விலை கேட்டால் ஒரு சைபரைச் சந்தேகப்படுங்கள்.

கடைக்காரர் "போ" என்றால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அவர் "சரி" என்கிறார்!